ஹைப்ரிட் சைக்கிளுக்கு எத்தனை எம்எம் டயர் போடலாம்? அளவு எடுக்குறதுல இருந்து காத்து அடிக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

ஹைப்ரிட், அதாவது ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல இருக்க வகை, வாங்கி கொஞ்ச காலம் ஓட்டினதும் பின் டயர் நடுவுல தட்டையா தேஞ்சிரும், அப்பதான் இந்த குழப்பம் ஆரம்பிக்கும். வந்த அதே 38 போடவா, கொஞ்சம் ஒல்லியா 28 போட்டா ஸ்பீடு கூடுமா, இல்ல நம்ம ஊரு ரோடு இருக்குற லட்சணத்துக்கு 42 போட்டுரலாமா? கடையில கேட்டா ஸ்டாக்ல என்ன தொங்குதோ அதுதான் பெஸ்ட்டும்பாங்க, ரோடு பைக் வச்சிருக்க நண்பர்ட்ட கேட்டா ஒல்லி டயர்தான் டயருன்னு சத்தியம் பண்ணுவாரு, எம்டிபி, அதான் மலை சைக்கிள், வச்சிருக்கவர் அதுக்கு நேர் எதிரா சொல்லுவாரு.

என் பதில முதல்லயே சொல்லிர்றேன், அவசரம் இருக்கவங்க இதோட கிளம்பலாம். தமிழ்நாட்டு ரோட்டுல, 60ல இருந்து 85 கிலோக்குள்ள இருக்க ஒரு ஆளு, தினம் வேலைக்கு போக வர, ஞாயித்துக்கெழமை காலையில ஒரு நாப்பது அம்பது கிலோமீட்டர் சுத்துறதுக்கு 35 இல்லன்னா 38. 32 போடலாம், அதுக்கு சில கண்டிஷன் இருக்கு, கீழ சொல்றேன். 28 ஹைப்ரிட்டுக்கு வேண்டாம். 40, 42 எல்லாம் ஃபிரேம்ல இடம் இருந்தா தாராளமா போடலாம், ஸ்பீடு போயிரும்னு பயப்படுற அளவுக்கு எதுவும் போகாது.

ஆனா எந்த நம்பரா இருந்தாலும் உங்க சைக்கிள்ல அது உக்காருமான்னு பாக்கணும், அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆசைய அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 1: பழைய டயர் சைடுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க

ஒரு துணிய எடுத்து டயர் பக்கவாட்ட நல்லா தொடச்சு பாருங்க, ரெண்டு மூணு விதமா அளவு எழுதியிருக்கும். 700×38சின்னு ஒண்ணு, 28×1 5/8×1 3/8ன்னு ஒண்ணு, 37-622 இல்லன்னா 40-622ன்னு ஒண்ணு. இதுல நம்பி கடைக்கு போகக்கூடியது கடைசியா சொன்ன அந்த கோடு போட்ட நம்பர் மட்டும்தான். அதுக்கு பேரு இடிஆர்டிஓ அளவு. முதல் நம்பர் டயரோட அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது நம்பர் டயர் ரிம்ல உக்கார்ற இடத்தோட விட்டம், அதுவும் மில்லிமீட்டர்லதான். ரெண்டாவது நம்பர் ஒரு மில்லிமீட்டர் கூட மாறக்கூடாது, முதல் நம்பர்லதான் நமக்கு வெளையாட எடம் இருக்கு.

நம்ம ஊர்ல இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, கடையில 28 இன்ச் டயர் குடுங்கன்னு கேட்டா பல கடையில எடுத்துக் குடுக்குறது பழைய கம்பி பிரேக் ரோட்ஸ்டர் சைக்கிளுக்கு போடுற 28×1 1/2. அது 635. உங்க ஹைப்ரிட் 700சின்னா அது 622. பாக்க ரெண்டும் ஒரே சைஸ் மாதிரிதான் இருக்கும், ஆனா 13 மில்லிமீட்டர் பெருசு, ரிம்ல தொளதொளன்னு மாட்டும், காத்து ஏறினதும் ஒரு பக்கம் வெளிய தள்ளிக்கிட்டு ட்யூப் டமார்னு வெடிச்சிரும். அதே சமயம் 28×1 5/8×1 3/8ன்னு எழுதியிருக்க டயர் 37-622, அது சரியா உக்காரும். 29 இன்ச் எம்டிபி டயரும் 622தான், அதனால 29×1.5ன்னு ஒரு டயர் கெடச்சாலும் அது உங்க ரிம்ல ஏறும். பேருல இருக்க இன்ச்ச வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

ஹைப்ரிட்டுன்னு விக்கிற எல்லாமே 700சி இல்லைங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. சிலது 27.5 இன்ச் வீல்ல வருது, அது 584. சிலது 26 இன்ச், எம்டிபி வகை 26×1.95ன்னா 559, பழைய லேடீஸ் சைக்கிள் வகை 26×1 3/8ன்னா 590. பாத்தீங்களா, 26ன்னு ரெண்டுலயும் எழுதியிருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல ஏறவே ஏறாது. கீழ நான் சொல்றது பூரா 700சிய மனசுல வச்சு, மத்த வீலுக்கும் கணக்கு அதேதான்.

ஸ்டெப் 2: ரிம்மோட உள்ளகலம்

இத பெரும்பாலும் யாரும் பாக்குறதில்ல. ரிம் மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கர்லயோ பொறிச்சோ 622×17, 622×19ன்னு இருக்கும், அந்த 17, 19தான் ரிம்மோட ரெண்டு உதட்டுக்கும் நடுவுல இருக்க அகலம். எழுதலன்னா டயர கழட்டின பிறகு வெர்னியர் வச்சு உள்பக்கம் அளந்துக்கோங்க, வெர்னியர் இல்லன்னா ஸ்கேல் போதும்.

ஹைப்ரிட்டுல அதிகமா வர்றது 17ல இருந்து 21 வரைக்கும். மோட்டாவா சொன்னா டயர் அகலம் ரிம் உள்ளகலத்தப் போல ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு, ரெண்டே கால் மடங்கு வரைக்கும் இருந்தா நிம்மதி. 17 ரிம்முக்கு 28ல இருந்து 38, 40 வரைக்கும், 19க்கு 30ல இருந்து 42, 43 வரைக்கும், 21க்கு 32ல இருந்து 47 வரைக்கும். இதுக்கு மேலயும் போட முடியும், டயர் கம்பெனி சார்ட்லாம் இத விட தாராளமா விட்டுருக்கும், ஆனா ஒல்லி ரிம்ல குண்டு டயர் போட்டா டயர் பல்பு மாதிரி பிதுங்கி நிக்கும், காத்து கொஞ்சம் கொறஞ்சா வளைவுல திரும்பும்போது டயர் ஒரு பக்கமா சாயுறது கையிலயே தெரியும்.

இன்னொரு விஷயம், டயர்ல 38ன்னு எழுதியிருந்தா உங்க ரிம்ல அது 38ஆ இருக்கணும்னு கட்டாயமில்ல. ரிம் உள்ளகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினா டயர் அகலம் சுமாரா 0.4 மில்லிமீட்டர் கூடும். சில கம்பெனி டயர் எழுதினத விட ஒல்லியா வரும், சிலது குண்டா வரும். புது டயர் காத்தடிச்சு ஓடி கொஞ்ச நாள்ல இன்னும் ஒரு மில்லிமீட்டர் போல விரியவும் செய்யும். இதெல்லாம் அடுத்த ஸ்டெப்புக்கு தேவைப்படும்.

ஸ்டெப் 3: ஃபிரேம்லயும் ஃபோர்க்லயும் எடம் இருக்கா

இதுலதான் நெறைய பேரு காச விடுறாங்க, ஆன்லைன்ல ஆஃபர் பாத்து 42 ரெண்டு வாங்கி, வீட்டுக்கு வந்து மாட்டினா பின்னாடி செயின்ஸ்டேல (பெடல் கிராங்குல இருந்து பின் வீல் அச்சுக்கு போற ரெண்டு கம்பி) உரசுது. அதனால கொஞ்சம் பொறுமையா பாருங்க.

முதல்ல வீல சுத்தி விட்டு கோட்டம் இருக்கான்னு பாருங்க. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்க கேப் கூடிக் கொறஞ்சா கோட்டம் இருக்கு, டிஸ்க் பிரேக்னா ஃபிரேம் பக்கத்துல ஒரு பேனாவ பிடிச்சுக்கிட்டு பாருங்க. கோட்டம் இருந்தா முதல்ல அத எடுத்துட்டு வந்து அப்புறம் அளங்க, இல்லன்னா அளவே பொய்.

பாக்க வேண்டிய இடங்கள் இதுதான்: பின்னாடி பெடல் கிராங்குக்கு பக்கத்துல செயின்ஸ்டே ரெண்டும் நெருங்குற இடம், சீட்டுக்கு கீழ ரெண்டு சீட்ஸ்டேயையும் (சீட்டுல இருந்து பின் வீல் அச்சுக்கு எறங்குற கம்பி) சேக்குற குறுக்குக் கம்பி, முன்னாடி கியர் மாத்துற டீரெய்லர், முன்பக்கம் ஃபோர்க்கோட உச்சி, அப்புறம் ஃபோர்க்கோட ரெண்டு கால். முக்காவாசி ஹைப்ரிட்ல முதல்ல இடிக்கிற இடம் செயின்ஸ்டேதான்.

இதுக்கு ஸ்கேல் உள்ள போகாது, அதனால ஆலன் கீ செட்ட எடுத்துக்கோங்க. 4, 5, 6, 8ன்னு கீய ஒவ்வொண்ணா டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல விட்டுப் பாருங்க, எது லேசா உரசாம போகுதோ அதுதான் உங்க கேப். எல்லா இடத்துலயும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. கூடவே இப்ப இருக்க டயரோட உண்மையான அகலத்தையும் வெர்னியர்ல அளந்து எழுதுங்க, எழுதியிருக்கறத நம்பாதீங்க.

இப்ப கணக்கு. டயர் 5 மில்லிமீட்டர் அகலமாச்சுன்னா பக்கத்துக்கு ரெண்டரை ரெண்டரையா கேப் கொறையும். ஆனா ஒசரத்துல அப்படி பிரியாது, டயர் எவ்ளோ அகலமோ ஏறக்குறைய அவ்ளோ ஒசரமும் இருக்கும்ங்கறதால மேல இருக்க கேப்புல அந்த 5 மில்லிமீட்டரும் முழுசா போயிரும். பக்கவாட்டுல எடம் தாராளமா இருந்து ஃபோர்க் உச்சியில இடிக்கிறது இப்படித்தான். எல்லாம் கழிச்சு புது டயருக்கு பக்கத்துல கொறஞ்சது 4 மில்லிமீட்டர், மேல 5, 6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கணும். மழையில செம்மண் ரோட்டுல போறவங்க இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் கூட வச்சுக்கோங்க, ஏன்னா சேறு ஒட்டி காய்ஞ்சு ஒரு சின்ன கல்லு அதுல மாட்டிக்கிட்டா ஃபிரேம் பெயிண்ட்ட சொரண்டி எடுத்துரும், கார்பன் ஃபோர்க்னா இன்னும் மோசம்.

ஒரு உதாரணம். இப்ப இருக்கறது 35, அளந்தா 34 வருது. செயின்ஸ்டே கிட்ட பக்கத்துக்கு 7, குறுக்குக் கம்பி கிட்ட 12. 40 போட நெனக்கிறீங்க, அது 40ஆவே வரும்னு வச்சுப்போம். பக்கத்துக்கு 3 கொறையும், மிச்சம் 4. மேல 6 கொறையும், மிச்சம் 6. ஓகே, ஆனா விளிம்புல நிக்கிறீங்க. 42 போட்டா பக்கத்துல 3தான், நான் போட மாட்டேன்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் இருக்கவங்க ஃபோர்க்க முழுசா அமுக்கின நெலையில டயருக்கும் மேல இருக்க கிரௌனுக்கும் எடம் இருக்கான்னும் பாக்கணும். சும்மா நிறுத்தி வச்சிருக்கும்போது நெறைய கேப் தெரியும், குழியில விழுந்து ஃபோர்க் அமுங்கும்போதுதான் வம்பு.

பிரேக்கும் முக்கியம். டிஸ்க் பிரேக்னா பிரேக்கால டயர் அகலத்துக்கு தடை இல்ல. வி பிரேக்னாலும் பொதுவா பிரச்சனை இல்ல, வீல் கழட்டும்போது பிரேக் கம்பிய விடுவிச்சாதான் குண்டு டயர் வெளிய வரும், அவ்ளோதான். ஆனா ரோடு பைக்ல வர்ற மாதிரி கேலிப்பர் பிரேக் இருக்க ஹைப்ரிட்டா இருந்தா பெரும்பாலும் 28ல, மிஞ்சிப் போனா 32ல கதை முடிஞ்சிரும். அதுக்கு மேல பேசிப் பிரயோஜனமில்ல.

மட்கார்டு போட்டிருக்கீங்கன்னா அந்த அளவயும் சேத்துக்கோங்க, மட்கார்டு டயர விட எட்டு பத்து மில்லிமீட்டர் அகலமா இருந்தாதான் தண்ணி முதுகுல அடிக்காது. ஐப்பசி கார்த்திகையிலயும் சைக்கிள்ல வேலைக்கு போறவங்களுக்கு 40 டயர விட 35 டயரும் ஒரு முழு மட்கார்டும்தான் நல்லதுன்னு நான் நெனக்கிறேன்.

ஸ்டெப் 4: உங்க வழியில இருக்கறதுலயே மோசமான அந்த ரெண்டு கிலோமீட்டர்

ரோட்ட வச்சு டயர் முடிவு பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எந்த ரோட்டன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க போற வழியில 90 சதவீதம் ஈசிஆர் மாதிரி வழுக்கிக்கிட்டு இருக்கலாம், ஆனா டயர் கிழியறதும் ரிம் நெளியறதும் மிச்சம் இருக்க 10 சதவீதத்துலதான். மெட்ரோவுக்கு தோண்டி போட்ட ரோடு, மழைநீர் வடிகாலுக்கு வெட்டிட்டு சரியா மூடாத குறுக்குப் பள்ளம், பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், காங்கிரீட் ரோட்டுல ரெண்டு பலகைக்கு நடுவுல விட்ட கேப்பு, கம்பி நீளவாக்குல போட்ட வடிகால் மூடி. கடைசியா சொன்ன ரெண்டுலயும் 28 டயர் உள்ள எறங்கிரும், 38 மேலயே போயிரும். இது சொகுசு விஷயம் இல்ல, கீழ விழுறதா வேண்டாமாங்கற விஷயம்.

அதனால தினமும் போற வழியில மோசமான அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு டயர் எடுங்க, நல்ல ரோடு தன்னப்போல பாத்துக்கும்.

தார் ரோடு மட்டும்தான், குழி இருந்தா தெரியும், ஒதுங்கிப் போற அளவுக்கு ரோட்டுல எடமும் வெளிச்சமும் இருக்குன்னா 32 போதும். டவுனுக்குள்ள டிராஃபிக்ல போறீங்க, பஸ் ஒரு பக்கம் ஆட்டோ ஒரு பக்கம், குழிய பாத்தாலும் ஒதுங்க முடியாதுன்னா 35 இல்லன்னா 38. காலையில இருட்டோட கிளம்புறவங்களும் இதே கணக்குதான். கிராமத்து மெட்டல் ரோடு, ஏரிக்கரை, செம்மண் பாதைன்னா 40, 42. மணல்ல ஓட்டணும்னா ஹைப்ரிட்டே தப்பான வண்டி, அத விடுங்க. மலை ஏறுறவங்களுக்கு ஒரு வார்த்தை: கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்க எடத்துல ஏறும்போது ஒல்லி டயர்னால மிச்சமாகுறது ரொம்ப கம்மி, எறங்கும்போது குண்டு டயர் குடுக்குற பிடிப்பு நெறைய. முன்னாடி 35க்கு கீழ வேண்டாம்.

ஸ்டெப் 5: ஸ்பீடு போயிரும்ங்கற பயம்

ஒல்லி டயர் வேகம்னு மனசுல பதிஞ்சதுக்கு காரணம் ரோடு பைக். 23 மில்லிமீட்டர் டயர்ல பல வருஷம் ரேஸ் ஓட்டினாங்க, பாத்தவங்க ஓ இதுதான் வேகம்னு நெனச்சாங்க. இன்னிக்கு அதே ரேஸ்காரங்க 28, 30ன்னு போயிட்டாங்க, பாரிஸ்–ரூபே மாதிரி கல்லு பாவின ரோட்டு ரேஸ்ல அதுக்கு மேலயும் போடுறாங்க.

என்ன நடக்குதுன்னா, டயர் உருளும்போது தரையில படுற இடம் தட்டையாகி மறுபடி நிமிருது, அந்த நெளிவுலதான் நம்ம சக்தி வீணாகுது. ஒரே காத்தழுத்தம், ஒரே ஆள் எடைன்னா தரையில படுற பரப்பு ஏறக்குறைய ஒண்ணுதான், ஒல்லி டயர்ல அது நீளமா இருக்கும், குண்டு டயர்ல குட்டையா அகலமா இருக்கும். நீளமா இருக்கும்போது டயரோட சைடு அதிகமா நெளியும். ஆக அதே காத்துல குண்டு டயர்தான் லேசா உருளும். நெசத்துல குண்டு டயருக்கு காத்து கம்மியா வைப்போம்ங்கறதால அந்த லாபம் போயி ரெண்டும் கிட்டத்தட்ட சமமாயிரும். ரோடு சொரசொரப்பா இருந்தா ஒல்லி டயர் தடதடன்னு குதிக்கும், ஒவ்வொரு குதிப்புலயும் உங்க ஒடம்பு ஆடுது, அதுவும் வீணான சக்திதான்.

அடுத்தது, ஹைப்ரிட்ல நிமிந்து உக்காந்து 20, 22ல போறோம். அந்த வேகத்துல நம்மள பிடிச்சு இழுக்குறதுல பெரிய பங்கு எதிர்க்காத்து, அதுலயும் நம்ம நெஞ்சும் தோளும். டயர் 32ஆ 38ஆங்கறது அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. எடையில சில நூறு கிராம் கூடும், சிக்னல்ல நின்னு கிளம்பும்போது கொஞ்சம் தெரியும், ஓட ஆரம்பிச்சா மறந்துருவீங்க.

ஹைப்ரிட்ல 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு) போக ஆசைப்படுறவங்க இதே காரணத்துக்காக 28 தேடுவாங்க. அதுக்கு குடுக்குற நேரம் 13 மணி 30 நிமிஷம், நிக்கிறது திங்கிறது எல்லாம் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தா போதும். அங்க ஆள கவுக்குறது டயர் அகலம் இல்ல, ஏழாவது மணி நேரத்துல மரத்துப் போற கையும் வலிக்கிற பின்பக்கமும்தான். 32 இல்ல 35 நல்ல டயரா போட்டுட்டு போங்க.

நல்ல டயர்னு சொன்னேன்ல, வேகத்துக்கு உண்மையான வித்தியாசம் அங்கதான் இருக்கு, அத ஸ்டெப் 7ல பாப்போம்.

ஸ்டெப் 6: நம்பர முடிவு பண்றது

இப்ப உங்க கையில மூணு விஷயம் இருக்கு: ரிம் அனுமதிக்கிற ரேஞ்ச், ஃபிரேம் அனுமதிக்கிற உச்சம், ரோடு கேக்குற அளவு. நாலாவதா உங்க எடை. 85 கிலோவுக்கு மேல இருக்கவங்க, இல்ல பின்னாடி கேரியர்ல பை, லேப்டாப், மளிகை ஏத்துறவங்க ரோடு கேக்குற அளவுல இருந்து ஒரு சைஸ் மேல போங்க, 35ன்னா 38. 100 கிலோவுக்கு மேலன்னா எடம் இருக்க வரைக்கும் பெருசா போடுங்க, யோசிக்கவே வேண்டாம், ஸ்போக் அடிக்கடி உடையறதும் கொறையும். 55 கிலோவுக்கு கீழ இருக்கவங்களுக்கு 32ஏ மெத்துன்னு இருக்கும்.

முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவு போடலாமான்னா தாராளமா போடலாம். பின் ஃபிரேம்ல 38தான் போகும், ஃபோர்க்ல 42 போகுதுன்னா அப்படியே போடுங்க, கைக்கு வர்ற அதிர்வு நல்லாவே கொறையும். தலைகீழா, முன்னாடி ஒல்லி பின்னாடி குண்டு மட்டும் வேண்டாம், முன் டயர் வழுக்கினா சமாளிக்க நேரமே இருக்காது.

32க்கு நான் சொன்ன கண்டிஷன் இதுதான்: எடை 75க்குள்ள, பெரும்பாலும் தார் ரோடு, வாரம் ஒருக்கா காத்து அடிக்க சோம்பல் இல்ல. மூணும் இருந்தா போடுங்க, நல்லாவே இருக்கும். மூணாவதுலதான் முக்காவாசி பேரு விழுந்துருவாங்க, மாசக்கணக்குல பம்ப்ப தொட மாட்டாங்க, 32ல காத்து கொறஞ்சு குழியில விழுந்தா ரிம்முக்கும் குழிக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். பஞ்சர் கடையில ட்யூப்ப தண்ணியில முக்கும்போது ரெண்டு எடத்துல ஜோடியா குமிழ் வந்தா அது முள்ளும் இல்ல ஆணியும் இல்ல, காத்து பத்தல, இல்லன்னா டயர் பத்தல.

ஸ்டெப் 7: அகலம் முடிவாச்சு, எந்த டயர்

ஒரே 35 அளவுல ரெண்டு டயர் எடுத்து கையில அமுக்கிப் பாருங்க. ஒண்ணு கெட்டியா பலகை மாதிரி இருக்கும், இன்னொண்ணு சுலபமா மடங்கும். மடங்குறதுதான் லேசா உருளும். டயர்ல டிபிஐன்னு ஒரு நம்பர் இருந்தா அது துணியில ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூலுங்கறது, 27, 30ன்னா மலிவு டயர், 60க்கு மேலன்னா நல்லா நெளிஞ்சு குடுக்கும். 60 டிபிஐ 38 டயர், 27 டிபிஐ 28 டயர விட வேகமா ஓடுறதுல ஆச்சரியமே இல்ல.

பஞ்சருக்கு எதிரா அகலம் பெருசா உதவாது, டயருக்குள்ள இருக்க பெல்ட்தான் உதவும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் ஓட்டுறவங்களுக்கு சீமைக்கருவேல முள்ளப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அங்கெல்லாம் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி உள்ள 5 மில்லிமீட்டர் ரப்பர் பெல்ட் வச்ச டயர் கனமா இருந்தாலும், உருள்றதுல கொஞ்சம் மந்தமா இருந்தாலும், வாங்கினா மன நிம்மதி. சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கவங்களுக்கு அவ்ளோ கனம் தேவையில்ல, சாதாரண பெல்ட் போதும். பட்ஜெட் இடிச்சா உள்ளூர் கம்பெனி டயர் வாங்கிட்டு பின் ட்யூப்ல மட்டும் பஞ்சர் ஜெல் ஊத்திக்கலாம், கார் வால்வு ட்யூப்னா சுலபமா உள்ள போகும்.

பட்டன, அதாவது டயர் மேல இருக்க வெட்டையும் மேட்டையும், பத்தி ஒரே ஒரு வார்த்தை. தார் ரோட்டுக்கு பட்டன் வேணாம். மழையில வழுக்காம இருக்க வெட்டு வெட்டா பட்டன் வேணும்ங்கறது கார் டயர பாத்து வந்த நம்பிக்கை, சைக்கிள் டயர் அவ்ளோ ஒல்லி, போற வேகம் அவ்ளோ கம்மி, தண்ணி மேல மிதக்க வாய்ப்பே இல்ல. மழையில வழுக்குறது பெயிண்ட் கோடும் இரும்பு மூடியும், அதுல எந்த பட்டனும் காப்பாத்தாது. நடுவுல வழுவழுன்னு, ரெண்டு ஓரத்துல மட்டும் கொஞ்சம் பட்டன் இருந்தா செம்மண் ரோட்டுக்கும் சேத்து ஆச்சு.

ஸ்டெப் 8: ட்யூப்

ட்யூப் பெட்டியில 700×28/32, 700×35/43ன்னு ரேஞ்ச் போட்டிருக்கும். 38ல இருந்து 32க்கு எறங்கினா பழைய ட்யூப் உள்ள மடிஞ்சு உக்காரும், மடிப்புலயே ஓட்டை விழும். 32ல இருந்து 40க்கு ஏறினா பழைய ட்யூப் இழுபட்டு மெலிசாகி சின்ன முள்ளுக்கே போயிரும். டயரோட சேத்து ட்யூபும் வாங்கிருங்க. வால்வு உங்க ரிம் ஓட்டைக்கு பொருந்துறதான்னும் பாருங்க, பைக், கார்ல இருக்க மாதிரி தடி வால்வுக்கு பெரிய ஓட்டை, பிரெஸ்டா ஒல்லி வால்வுக்கு சின்ன ஓட்டை. தடி வால்வுன்னா ரோட்டுல எங்க வேணா காத்து கெடைக்கும், நம்ம ஊருக்கு அதுதான் வசதி.

ஸ்டெப் 9: மாட்டும்போது

டயர் சைடுல அம்புக்குறி இருந்தா சுத்துற திசைக்கு வைங்க. ரிம்முக்குள்ள ஸ்போக் தலைய மூடுற டேப் நகந்திருக்கான்னு பாருங்க, நகந்திருந்தா எவ்ளோ நல்ல டயரும் பஞ்சர் ஆகும். ட்யூப்ல உருண்டு நிக்கிற அளவு காத்து மட்டும் வச்சு உள்ள விடுங்க. வால்வு இருக்க எடத்துக்கு நேர் எதிர்ல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே வந்து வால்வு கிட்ட முடிங்க, டயர் ஓரத்த ரிம்மோட நடுப் பள்ளத்துக்குள்ள அமுக்கிக்கிட்டே வந்தா கடைசிக் கொஞ்சம் கையாலயே ஏறிரும். கடையில ஸ்க்ரூடிரைவர் எடுத்தாங்கன்னா தடுத்துருங்க, பிளாஸ்டிக் லீவர் கையோட கொண்டு போங்க.

பாதி காத்து அடிச்சதும் நிறுத்தி ரிம்மை ஒட்டி டயர்ல ஓடுற மெல்லிய கோட்ட சுத்திப் பாருங்க. எல்லா எடத்துலயும் ஒரே தூரத்துல இருக்கணும். ஒரு எடத்துல உள்ள போயிருந்தா காத்த எறக்கி அமுக்கி சரி பண்ணிட்டு மறுபடி அடிங்க.

ஸ்டெப் 10: காத்து எவ்ளோ

அகலத்த சரியா எடுத்துட்டு இங்க கோட்ட விட்டா எல்லாம் வீண். டயர்ல எழுதியிருக்க மேக்சிமம் பிஎஸ்ஐ வரைக்கும் அடிக்கிறதுதான் நம்மாளுங்க வழக்கம், கல்லு மாதிரி இருந்தாதான் திருப்தி. 38 டயர 75 பிஎஸ்ஐ அடிச்சா நீங்க 38 வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல.

ஃபிராங்க் பெர்ட்டோன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் டயர்களை அளந்து ஒரு சார்ட் போட்டாரு, ஆள் ஏறி உக்காந்ததும் டயரோட ஒசரம் 15 சதவீதம் அமுங்குற அளவுக்கு காத்து இருக்கணும்ங்கறதுதான் அதோட அடிப்படை. 38 டயர்னா ஐந்தரை, ஆறு மில்லிமீட்டர். சுவத்த பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க, வீட்ல இருக்க யாரையாச்சும் ரிம்முக்கும் தரைக்கும் ஸ்கேல் வச்சு உக்காரும் முன்னயும் பின்னயும் அளக்கச் சொல்லுங்க.

அளக்க ஆள் இல்லாதவங்களுக்கு நான் சொல்ற ஆரம்ப அளவு, 75 கிலோ ஆளு 14, 15 கிலோ சைக்கிளுக்கு: 32ன்னா பின்னாடி 70 முன்னாடி 60, 35ன்னா 60, 50, 38ன்னா 52, 44, 42ன்னா 45, 38. எடை 10 கிலோ கூடினா பத்து சதவீதம் ஏத்துங்க, கொறஞ்சா எறக்குங்க. அங்கிருந்து ரெண்டு மூணு பிஎஸ்ஐ மேல கீழ மாத்தி உங்களுக்கு பிடிச்ச எடத்துல நிறுத்துங்க. டயர்ல எழுதியிருக்க மினிமம் மேக்சிமத்த மட்டும் தாண்டாதீங்க. பெட்ரோல் பங்க்ல அடிச்சா சைக்கிள் ட்யூப்ல ரொம்ப கொஞ்சம் காத்துதான் பிடிக்கும்ங்கறதால கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஏறிரும், விட்டு விட்டு அடிங்க. வீட்ல மீட்டர் வச்ச ஒரு ஃப்ளோர் பம்ப் இருந்தா இந்த தலைவலியே இல்ல.

மாட்டின பிறகு

முதல் சில ரைடு முடிஞ்சதும் ஆலன் கீய எடுத்து செயின்ஸ்டே கேப்ப மறுபடி ஒருக்கா அளங்க, புது டயர் விரியும்னு சொன்னேன்ல. எழுந்து நின்னு மிதிக்கும்போது ஏதாச்சும் சர்ருன்னு உரசுற சத்தம் வருதான்னும் கவனிங்க.

ஒயர் வச்ச ஸ்பீடோமீட்டரோ வீல் சென்சரோ வச்சிருந்தா சுற்றளவ மாத்தணும், இல்லன்னா கிலோமீட்டர் தப்பா காட்டும். 700×28க்கு 2136, 32க்கு 2155, 35க்கு 2168, 38க்கு 2180, 40க்கு 2200 மில்லிமீட்டர். ஜிபிஎஸ் மட்டும் பாக்குறவங்களுக்கு இது தேவையில்ல.

தேஞ்ச பழைய டயர கடையிலயே விட்டுட்டு வராதீங்க. சைடு ரப்பர் நல்லா இருக்க எடமா பாத்து ஒரு தீப்பெட்டி அளவுக்கு ரெண்டு துண்டு வெட்டி ட்யூப், லீவரோட சீட் பைக்குள்ள போட்டு வைங்க. கண்ணாடி கிழிச்சு டயர்ல பெரிய ஓட்டை விழுந்தா அந்த துண்ட உள்பக்கம் ட்யூபுக்கும் டயருக்கும் நடுவுல வச்சு, காத்த கொஞ்சம் கம்மியா அடிச்சு, வீடு வந்து சேந்துரலாம்.